குரோமோசோம் புரதங்களும் தன்னுடலைத் தாக்கும் எதிர்ப்பொருள்களும்

மனித உயிரணுவின் உட்கரு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைவிடச் சிறியது. அதற்குள் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை சிக்கில்லாமல் அடங்கியிருக்கிறது. நெய்யாற்றின்கரை தாலுக்காவைச் சேர்ந்த பாலராமபுரத்தில் நெசவாளர்கள் ஊடை நூலைத் தாரில் சுற்றி வைத்துக்கொள்வார்கள். நாடா ஓடும்போது நூல் சிக்காமல் பிரிந்து வர வேண்டும். உட்கருவுக்குள்ளும் அப்படியொரு தார் இருக்கிறது. அதுதான் ஹிஸ்டோன். ஹெச்2ஏ, ஹெச்2பி, ஹெச்3, ஹெச்4 ஆகிய நான்கு வகைகளிலும் இரண்டிரண்டாக எட்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் உருளையாகின்றன. அதன்மேல் டி.என்.ஏ.வின் 147 கார இணைகள் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றிக் கிடக்கின்றன. இந்தச் சுருளுக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். இதன் அணு அளவிலான வடிவம் 1997இல் தெளிவாயிற்று. சுருளுக்கும் சுருளுக்கும் நடுவில் ஓடும் இழையை ஹெச்1 என்ற ஐந்தாவது ஹிஸ்டோன் பிடித்துக்கொள்கிறது. இப்படிக் கோத்த மணிகள் மடிந்து செறிந்தால் அது குரோமோசோம்.

ஹிஸ்டோன்கள் மட்டும் இருந்தால் குரோமோசோம் இயங்காது. முறுக்கேறிய இழையை வெட்டித் தளர்த்தி மறுபடி ஒட்டும் டோபோஐசோமெரேஸ், அறுந்த முனைகளைப் பற்றிக்கொள்ளும் கு புரதம், படியெடுக்கும் நொதியைக் கழன்றுவிடாமல் இழையோடு பிணைக்கும் பி.சி.என்.ஏ. வளையம், நியூக்ளியோசோமோடு ஒட்டியிருக்கும் ஹெச்.எம்.ஜி. புரதங்கள், உயிரணு பிரியும்போது குரோமோசோமின் இடுப்பில் கயிறு கட்டுவதற்கான கொக்கியாக நிற்கும் சென்ட்ரோமியர் புரதங்கள் எல்லாம் அங்கே வேலை செய்கின்றன. பிறந்த நாள் முதல் எல்லோருடைய உடலிலும் இருப்பவை இவை. போதாததற்கு, பரிணாமத்தில் மிகக் குறைவாகவே மாறியவை. பட்டாணிச் செடியின் ஹெச்4 ஹிஸ்டோனையும் மாட்டின் ஹெச்4 ஹிஸ்டோனையும் ஒப்பிட்டால், 102 அமினோ அமிலங்களில் இரண்டுதான் வேறுபடுகின்றன. அந்நியத்தைத் தேடி அடிக்கும் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு இவற்றைவிடப் பழக்கமான பொருள் வேறு இருக்க முடியாது. ஆனாலும் லூபஸ், ஸ்கிளிரோடெர்மா போன்ற நோய்களில் உடல் குறிபார்த்து எதிர்ப்பொருள் தயாரிப்பது இவற்றுக்கு எதிராகத்தான். இந்த முரண்பாட்டை விளக்குவதுதான் இத்துறையின் மையக் கேள்வி.

இந்தக் கேள்விக்கு முதல் வாசல் திறந்தது 1948இல். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மால்கம் ஹார்கிரேவ்ஸும் அவருடைய இரு சகாக்களும் எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, லூபஸ் நோயாளிகளின் மஜ்ஜையில் விசித்திரமான வெள்ளணுக்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வழவழப்பான உருண்டையை விழுங்கி, தன் உட்கருவை ஓரத்துக்குத் தள்ளியிருந்தது. விழுங்கப்பட்டது இன்னொரு உயிரணுவின் உட்கரு. இது எல்.ஈ. அணு என்று பெயர் பெற்றது. நோயாளியின் பிளாஸ்மாவை ஆரோக்கியமானவரின் வெள்ளணுக்களோடு கலந்தாலும் இதே காட்சி தெரிந்தது. எனவே காரணம் அணுவில் இல்லை, பிளாஸ்மாவில் இருக்கிறது என்று சில ஆண்டுகளிலேயே புரிந்தது. அந்தக் காரணி ஒரு எதிர்ப்பொருள். அது முக்கியமாகப் பற்றுவது ஹெச்1 ஹிஸ்டோனை என்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். பார்த்ததற்கும் புரிந்துகொண்டதற்கும் நடுவில் ஐம்பது ஆண்டுகள்.

1957 இத்துறையில் நல்ல விளைச்சல் கண்ட ஆண்டு. லூபஸ் சீரத்தில் டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில குழுக்கள் ஒன்றையொன்று அறியாமலே ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண்டறிந்தன. அதே காலத்தில் ஜார்ஜ் ஃபிரியு ஒளிரும் சாயம் பூசிய எதிர்ப்பொருளைக் கொண்டு உட்கருவில் ஒட்டியிருப்பதைக் கண்ணால் காணும் முறையை உருவாக்கினார். இன்று ஏ.என்.ஏ. (உட்கரு எதிர்ப்பொருள்) டெஸ்ட் என்று ஊர் ஆய்வகங்கள் வரை வந்துவிட்ட பரிசோதனையின் தாய் அதுதான். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் ஹென்றி குங்கலின் ஆய்வகம் அடுத்த பத்தாண்டுகளில் இந்த எதிர்ப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தது. அங்கே பணிபுரிந்த எங் டான் மலாயாவில் பிறந்தவர். அவரும் குங்கலும் 1966இல் லூபஸுக்கே உரிய ஓர் எதிர்ப்பொருளைக் கண்டு, சீரம் கொடுத்த நோயாளியின் குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை வைத்து எஸ்எம் என்று பெயரிட்டார்கள். நோயாளியின் பெயர் இப்படி மூலக்கூறில் தங்கிப்போவது இத்துறையில் பலமுறை நடந்திருக்கிறது. கு என்பதும் அத்தகைய பெயர்தான்.

இந்தப் பரிசோதனை எப்படி இருக்கும் என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அதில்தான் விஷயம் இருக்கிறது. சிறு வட்டங்கள் பிரித்த கண்ணாடித் தகட்டில் ஹெப்-2 என்ற மனித உயிரணுக்கள் ஒட்டி வளர்க்கப்பட்டிருக்கும். (குரல்வளைப் புற்றிலிருந்து எடுத்தவை என்று நெடுநாள் நம்பப்பட்ட இந்த அணுக்கள், 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸின் கட்டியிலிருந்து கிடைத்த ஹீலா அணுக்களே என்பது பிறகு தெரிந்தது. உலகெங்கும் லட்சக்கணக்கான தன்னுடல் தாக்குநோய்ப் பரிசோதனைகள் அந்த ஒரு பெண்ணின் உயிரணுக்கள்மேல்தான் நடக்கின்றன.) நோயாளியின் சீரத்தை நீர்க்கச் செய்து ஒரு வட்டத்தில் ஒரு சொட்டு விடுவார்கள். அரை மணி நேரம் கழித்துக் கழுவி, மனித எதிர்ப்பொருளில் ஒட்டும் பச்சைச் சாயத்தை விட்டு, மறுபடி கழுவி, இருட்டறையில் ஒளிர்நுண்ணோக்கியின் கீழ் வைப்பார்கள்.

கருமையில் பச்சை உட்கருக்கள் தெரியும். உட்கரு முழுவதும் சீராக ஒளிர்ந்தால் இலக்கு குரோமேட்டின், அதாவது டி.என்.ஏ.வும் ஹிஸ்டோனும். புள்ளிபுள்ளியாக ஒளிர்ந்தால் வேறு ஏதோ. ஆனால் அனுபவமுள்ள டெக்னீஷியன் அங்கே நிற்க மாட்டார். பிரிந்துகொண்டிருக்கும் அணுவைத் தேடுவார். அப்படிப் பிரியும் அணுவில் குரோமோசோம்கள் நடுவே ஒரு பட்டையாக அடுக்கியிருக்கும். குரோமோசோமோடு ஒட்டிய புரதம் இலக்காக இருந்தால் அந்தப் பட்டை ஒளிரும். எஸ்எம் போன்ற, குரோமோசோமில் ஒட்டாத புரதமாக இருந்தால் பட்டை இருண்டு, சுற்றிலும் ஒளி சிதறியிருக்கும். ஒரே ஒரு பிரியும் அணு நோயறிதலையே திருப்பிவிடும். இந்தத் தோற்றங்களுக்கு உலகப் பொது எண்கள் 2015 முதல் வரையறுக்கப்பட்டு வருகின்றன. சீரான ஒளிர்வு ஏசி-1, சென்ட்ரோமியர் ஏசி-3, டோபோஐசோமெரேஸின் ஐந்து கூறு கொண்ட தோற்றம் ஏசி-29.

சென்ட்ரோமியர் தோற்றத்தின் கதைதான் இந்த வரலாற்றின் ஆகச் சிறந்த பகுதி. நெடுநாள் பெரும்பாலும் எலியின் கல்லீரல் சீவலைத்தான் தகட்டில் வைத்தார்கள். கல்லீரலில் அணுக்கள் அரிதாகவே பிரியும். அதனால் சில ஸ்கிளிரோடெர்மா சீரங்கள் வெறும் புள்ளித் தோற்றம் என்று பதிவாகிக் கடந்து போயின. விரைந்து பிரியும் வளர்ப்பு அணுக்கள் வந்த பிறகு, 1980இல் டானின் குழு அந்தப் புள்ளிகளை எண்ணியது. ஒவ்வொரு அணுவிலும் 40 முதல் 80 வரை தனித்தனிப் புள்ளிகள். அணு பிரியும் வேளையில் அத்தனையும் நடுப்பட்டையில் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அதன் இடுப்பில் ஒரு புள்ளி. சீரம் காட்டியது சென்ட்ரோமியரை.

அதுவரை சென்ட்ரோமியர் எதனால் ஆனது என்று யாருக்கும் தெரியாது. மிகச் சிறிய இடம், மிகக் குறைந்த புரதம். வேதியியல் முறையில் பிரித்தெடுக்க வழியில்லை. வில்லியம் ஏர்ன்ஷாவும் நவோமி ராத்ஃபீல்டும் 1985இல் நோயாளிகளின் சீரத்தையே தூண்டிலாகப் போட்டார்கள். மூன்று புரதங்கள் அகப்பட்டன: சென்ப்-ஏ, சென்ப்-பி, சென்ப்-சி. அவற்றில் மிகச் சிறியதான சென்ப்-ஏ ஹிஸ்டோன்களோடு சேர்ந்து பிரிந்து வந்தது. காளையின் விந்தணுவிலிருந்து அதைத் தூய்மையாகப் பிரித்து 1991இல் வரிசையைப் படித்தபோது, அது ஹெச்3 ஹிஸ்டோனின் மாற்று வடிவம் என்பது உறுதியானது. குரோமோசோமில் சென்ட்ரோமியர் எங்கே அமைய வேண்டும் என்பதை டி.என்.ஏ. எழுத்து வரிசை மட்டும் தீர்மானிப்பதில்லை. இந்தச் சிறப்பு ஹிஸ்டோன் அமர்ந்திருக்கும் இடமே சென்ட்ரோமியர், அணு பிரிந்தாலும் அந்த அடையாளம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது. இன்று உயிரணு உயிரியலின் பாடநூல்களில் உள்ள இந்த உண்மைக்கான நூல், விரல்கள் விறைத்து ஊதாவாகும் சில பெண்களின் இரத்தக் குழாயிலிருந்து நீண்டது. இதை அவர்களுக்கான கடன் என்றே சொல்ல வேண்டும்.

மற்றக் கண்டுபிடிப்புகளும் இதே வழியில் வந்தவை. பி.சி.என்.ஏ. 1978இல் லூபஸ் சீரம் ஒன்றின் மூலம் தெரியவந்தது, அது டி.என்.ஏ. படியெடுத்தலின் துணைப்புரதம் என்பது 1987இல்தான் தெளிவானது. ஜப்பானில் 1981இல் இனங்காணப்பட்ட கு புரதம் பின்னாளில் அறுந்த டி.என்.ஏ.வை ஒட்டும் பொறியின் முதல் உறுப்பாக நிரூபணமானது. ஸ்கிளிரோடெர்மாவில் எஸ்சிஎல்-70 என்று பெயரிட்டிருந்த மர்மப் புரதம் டோபோஐசோமெரேஸ் என்று 1986இல் தெரிந்தது. மைக்கேல் லெர்னரும் ஜோன் ஸ்டைட்ஸும் 1979 முதல் எஸ்எம் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தி, ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் சிறு துகள்களை அடையாளம் கண்டார்கள். மைக்கேல் பஸ்டினின் குழு 1982இல் லூபஸ் உள்ளிட்ட நோய்களில் ஹெச்.எம்.ஜி-17 புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைக் காட்டியது. பஸ்டினும் டேவிட் ஸ்டோலரும் அதற்கு முன்பே முயல்களில் ஹிஸ்டோன் எதிர்ப்பொருள்களை உண்டாக்கி, குரோமேட்டினில் எந்தப் புரதம் வெளியே தெரிகிறது, எது மறைந்திருக்கிறது என்று ஆராயத் தொடங்கியிருந்தவர்கள். இன்று மரபணு ஆய்வகங்கள் நாள்தோறும் கையாளும் ஹிஸ்டோன் எதிர்ப்பொருள்கள் அந்த முயற்சியின் வாரிசுகள்.

நோயின் பக்கம் திரும்பினால், இந்த எதிர்ப்பொருள்களின் பெயர்கள் வெறும் பட்டியல் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு முன்னறிவிப்பு. சென்ட்ரோமியர் எதிர்ப்பொருள் உள்ள ஸ்கிளிரோடெர்மாவில் தோல் இறுக்கம் பெரும்பாலும் கை, முகத்தோடு நிற்கும். நோய் மெதுவாக நகரும். ஆண்டுகள் கழித்து நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டோபோஐசோமெரேஸ் எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு உடல் முழுவதும் தோல் இறுகவும், நுரையீரல் நார்த்தன்மை அடையவும் வாய்ப்பு அதிகம். இந்தியாவின் பல மருத்துவமனைத் தொகுப்புகளில் முன்னதைவிடப் பின்னதே மிகுதியாகக் காணப்படுகிறது. மேலை நாடுகளில் நிலைமை பல இடங்களில் நேர்மாறு. நோயின் முதல் அறிகுறி பல ஆண்டுகள் முந்தியே வந்துவிடும். மார்கழிப் பனியில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒருவருக்கு விரல் நுனிகள் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, வெயில் ஏறியதும் சிவந்து குத்தும். ரேனோ நிகழ்வு என்பது இதுதான். குளிரால் வந்த மரப்பு என்று ஒதுக்கிவிடுவதே வழக்கம். ஆனால் வெயில் மிகுந்த ஊரில் ஒருவருக்குப் புதிதாக இப்படி நேர்ந்தால், ஒரு ஏ.என்.ஏ. பரிசோதனையும் நகக்கண்ணின் நுண்குழாய்களைப் பார்ப்பதும் அவசியம்.

கேரள-தமிழக எல்லையிலுள்ள பாறசாலை வட்டாரத்தில் ஸ்கிளிரோடெர்மாவைப் பற்றிப் பேசும்போது தொழிலைக் கேட்காமல் இருக்கக் கூடாது. வெள்ளறடைப் பக்கத்திலும் மூக்குன்னிமலையிலும், எல்லை தாண்டி விளவங்கோடு தாலுக்காவிலும் கருங்கல் குவாரிகளும் கிரஷர்களும் பலருக்குச் சோறு போட்டவை. இப்பகுதியின் சார்னோக்கைட், கொண்டலைட் பாறைகளில் குவார்ட்ஸ் உண்டு. உடைத்துப் பொடிக்கும்போது அது நுண்ணிய சிலிக்காத் தூசியாகிறது. கல்தச்சர்களிடம் ஸ்கிளிரோடெர்மா கூடுதலாக இருப்பதை ஸ்காட்லாந்தின் பைரம் பிராம்வெல் 1914இலேயே பதிவுசெய்தார். 1957இல் எராஸ்மஸ் என்ற மருத்துவர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் அதையே கண்டார். சிலிக்காவோடு சேர்ந்து வரும் ஸ்கிளிரோடெர்மா இன்று அவர் பெயரால் வழங்குகிறது. நுரையீரலின் விழுங்கணு சிலிக்காத் துகளை விழுங்கும், செரிக்க முடியாது, துகள் உள்ளறையைக் கிழிக்க, அணு அழற்சிச் சமிக்ஞைகளை வீசிக்கொண்டே சாகும். அப்போது வெளியே சிந்துபவற்றில் குரோமேட்டினும் அடக்கம். சிலிக்காவுக்கு ஆளானவர்களிடம் லூபஸும் முடக்குவாதமும் கூடுதல் என்பதைப் பிற்கால ஆய்வுகள் பல நாடுகளில் காட்டியுள்ளன. குவாரித் தொழிலாளியின் இருமலைக் காசம் என்றோ சிலிக்கோசிஸ் என்றோ மட்டும் பார்த்து முடித்துவிடாமல், விரலையும் தோலையும் தொட்டுப் பார்க்க வேண்டியதன் காரணம் இது.

மருந்தால் வரும் லூபஸ் இந்த ஆராய்ச்சிக்கு இயற்கையே நடத்திக் கொடுத்த சோதனை. இரத்த அழுத்தத்துக்குத் தந்த ஹைட்ராலசின் லூபஸ் போன்ற நோயை உண்டாக்குவது 1954இல் அமெரிக்காவில் பதிவானது. இதயத் துடிப்பைச் சீராக்கும் புரோகெய்னமைடு இன்னும் மோசம். நீண்ட நாள் உட்கொள்வோரில் பெரும்பாலானோருக்கு ஏ.என்.ஏ. தோன்றும், சிலருக்கு மூட்டுவலியும் காய்ச்சலும் நெஞ்சுறை அழற்சியும் வரும். மருந்தை நிறுத்தினால் நோய் அடங்கும். எதிர்ப்பொருள் மட்டும் மெல்ல மெல்ல மறையும். மார்வின் ஃபிரிட்ஸ்லரும் டானும் 1978இல் இந்த எதிர்ப்பொருளின் இலக்கு ஹிஸ்டோன் என்று காட்டினார்கள். பிறகு ராபர்ட் ரூபினின் ஆய்வுகள் இன்னும் கூர்மையாக, ஹெச்2ஏ-ஹெச்2பி இணையும் டி.என்.ஏ.வும் சேர்ந்த பரப்பே நோயோடு தொடர்புடைய இலக்கு என்று நிறுவின. அவருடைய குழு 1997இல் புரோகெய்னமைடின் வளர்சிதைப் பொருளை எலிகளின் தைமஸ் சுரப்பியில் செலுத்தியது. சில வாரங்களில் அந்த எலிகளின் இரத்தத்தில் குரோமேட்டின் எதிர்ப்பொருள் தோன்றியது. தன்னுடலை அடிக்கக் கூடாது என்ற பாடத்தை டி அணுக்கள் கற்கும் இடம் தைமஸ். மருந்து அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கலகம் செய்கிறது.

இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ஹைட்ராலசின், புரோகெய்னமைடு, காசநோய்க்கான ஐசோனியசிட் ஆகிய மூன்றையும் உடல் ஒரே நொதியால், அசிட்டைல் தொகுதியை ஒட்டிக் கழிக்கிறது. அந்த நொதி மெதுவாக இயங்குபவர்களுக்கு முதல் இரண்டு மருந்துகளால் லூபஸ் வரும் அபாயம் அதிகம். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையத்தில் கங்காதரமும் சகாக்களும் தென்னிந்திய நோயாளிகள் ஐசோனியசிடை எவ்வளவு வேகமாகக் கழிக்கிறார்கள் என்று அளந்து 1961இல் வெளியிட்டார்கள். மெதுவாகக் கழிப்பவர்களே பாதிக்கும் மேல். காச மருந்தின் அளவைத் தீர்மானிக்கச் செய்த அந்த ஆய்வு, தன்னுடல் தாக்குநோயைப் படிப்பவர்களுக்கும் அடிப்படைத் தரவு. ஐசோனியசிட் எடுப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏ.என்.ஏ. தோன்றலாம், உண்மையான லூபஸ் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. எனவே காச மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்று வந்த சீட்டைப் பார்த்து மாத்திரையை நிறுத்துவது பெரும் தவறு. அந்தத் தவறுக்கான விலை காசநோய் முற்றுவது.

உடலுக்குள் மறைந்திருக்கும் ஹிஸ்டோன் எப்படி நோயெதிர்ப்பின் கண்ணில் படுகிறது என்பதற்கு இப்போது ஓரளவு தெளிவான விடை உண்டு. நாள்தோறும் கோடானுகோடி அணுக்கள் ஒழுங்காக மடிகின்றன. அவற்றின் குரோமேட்டின் துண்டுபட்டு, சிறு கொப்புளங்களாகப் பிதுங்கி மேற்பரப்பில் வந்து நிற்பதை 1994இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு காட்டியது. விழுங்கணுக்கள் அவற்றைச் சட்டென்று அள்ளிவிட வேண்டும். அள்ளுவதில் சுணக்கம் வந்தால் சிக்கல். சி1க்யூ என்ற நிறைவுப் புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு லூபஸ் வருவது இதனால்தான். வெளியே சிந்திய குரோமேட்டினைச் செரிக்கும் டி.என்.ஏ.ஸ்1எல்3 என்ற நொதி கெட்ட குடும்பங்களில் குழந்தைகளுக்கே லூபஸ் வருவது சவூதி அரேபியக் குடும்பங்களில் 2011இல் கண்டறியப்பட்டது. இத்தகைய மரபணுக் குறைகள் நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் சமூகங்களில் வெளிப்பட வாய்ப்புக் கூடுதல். தாய்மாமனை மணப்பதும் அத்தை மகளை மணப்பதும் இன்னும் வழக்கிலுள்ள தென் தமிழகத்தில், ஐந்து வயதுக் குழந்தைக்கு லூபஸ் வந்தால் பெற்றோரின் உறவுமுறையை மருத்துவர் கேட்பது அதற்காகத்தான். அதில் குற்றம் சாட்டும் நோக்கம் எதுவும் இல்லை.

சிந்திய குரோமேட்டினை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி அணுவுக்கு உதவி வேண்டும். அந்த உதவியைச் செய்யும் டி அணுக்கள் நியூக்ளியோசோமையே குறிவைப்பவை என்று சந்திர மோகனும் சியாமல் தத்தாவும் 1993இல் லூபஸ் எலிகளில் நிறுவினார்கள். இது ஒரு பழைய புதிரை அவிழ்த்தது. தூய டி.என்.ஏ.வை எலிக்குச் செலுத்தினால் எதிர்ப்பொருள் உருவாவதே அரிது. அப்படியிருக்க நோயாளிகளிடம் மட்டும் அது எங்கிருந்து வந்தது? டி அணு பார்ப்பது ஹிஸ்டோன் துணுக்கை, பி அணு பிடிப்பது டி.என்.ஏ.வை, இரண்டும் ஒரே நியூக்ளியோசோமில் கட்டுண்டிருப்பதால் உதவி கைமாறுகிறது. 2002இல் ஆன் மார்ஷக்-ராத்ஸ்டைனின் குழு இன்னொரு கண்ணியைச் சேர்த்தது. பி அணு உள்ளிழுத்த குரோமேட்டினின் டி.என்.ஏ., கிருமிகளைக் கண்டால் மணியடிக்கும் டி.எல்.ஆர்.9 என்ற உணர்வியைத் தட்டிவிடுகிறது. 2004இல் வெள்ளணுக்கள் தம் குரோமேட்டினையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிப்பது தெரிந்த பிறகு, அந்த வலையில் மாற்றமடைந்த ஹிஸ்டோன்கள் இருப்பதும் கணக்கில் வந்தது.

ஹிஸ்டோன் மாறுவது பற்றிய இந்திய உழைப்பு அலிகரில் நடந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரி உயிர்வேதியியல் துறையில் ரஷீத் அலி, குர்ஷீத் ஆலம் ஆகியோரின் குழுக்கள் பல ஆண்டுகளாக ஒரு கேள்வியைத் தொடர்ந்தன. அழற்சியின்போது உடலில் உருவாகும் பெராக்சிநைட்ரைட் போன்ற வினைத்திறன் மிக்க பொருள்கள் ஹிஸ்டோனையும் டி.என்.ஏ.வையும் சிதைத்தால், அந்தச் சிதைந்த வடிவம் புது முகமாகத் தெரியுமா? கன்றுக்குட்டியின் தைமஸிலிருந்து எடுத்த ஹெச்1 ஹிஸ்டோனைப் பெராக்சிநைட்ரைட்டில் மாற்றி முயல்களுக்குச் செலுத்தினார்கள்; வலுவான எதிர்ப்பொருள் உருவானது. லூபஸ் நோயாளிகளின் சீரமும் இயல்பான ஹெச்1ஐவிட மாறிய ஹெச்1ஐ இறுகப் பற்றியது. தன்னுடையது என்ற அடையாளம் வேதியியல் காயத்தால் அழிந்துபோவது நோயின் ஒரு தொடக்கப்புள்ளி என்ற கருத்துக்கு இது நேரடியான வலுச் சேர்க்கிறது.

எதிர்ப்பொருள் உருவான பின் அது எப்படிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதிலும் ஹிஸ்டோனுக்கு நேரடி வேலை உண்டு. ஹிஸ்டோன் நேர்மின்னேற்றம் மிகுந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்விலுள்ள ஹெப்பரான் சல்ஃபேட் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரத்தத்தில் மிதந்து வரும் நியூக்ளியோசோம் தன் ஹிஸ்டோன் முனையால் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது, டி.என்.ஏ. எதிர்ப்பொருள் அதன்மேல் வந்து படிகிறது. நிறைவுப் புரதங்கள் அங்கேயே தீ மூட்டுகின்றன. நெதர்லாந்தின் ஜோ பெர்டனும் சகாக்களும் 1990களில் இந்தப் பாலத்தைப் படிப்படியாகக் காட்டினார்கள். சிறுநீர் நுரைப்பதும் காலையில் கண்ணிமை வீங்குவதும் இந்த ஒட்டலின் வெளி அடையாளங்கள். நியூக்ளியோசோம் எதிர்ப்பொருளின் அளவு சில நோயாளிகளில் டி.என்.ஏ. எதிர்ப்பொருளுக்கு முன்பே உயர்ந்து எச்சரிப்பதால், அதையும் சேர்த்து அளப்பது பயனுள்ளது.

இவ்வளவு தெரிந்த பிறகும் நடைமுறையில் அதிகமாகத் துன்பம் விளைவிப்பது ஒரு எளிய தவறு: பாசிட்டிவ் என்ற சொல்லை நோய் என்று படிப்பது. டானின் தலைமையில் பல நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து 1997இல் ஆரோக்கியமானவர்களைச் சோதித்தபோது, 1:40 நீர்ப்பில் 31.7 சதவீதம் பேருக்கும், 1:80இல் 13.3 சதவீதத்துக்கும், 1:320இல்கூட 3.3 சதவீதத்துக்கும் ஏ.என்.ஏ. இருந்தது. இவர்களில் பலரிடம் காணப்படுவது டி.எஃப்.எஸ்.70 என்ற எதிர்ப்பொருள். அதன் இலக்கும் குரோமேட்டினோடு ஒட்டும் ஒரு புரதம்தான். பிரியும் அணுவின் பட்டையும் ஒளிரும். ஆனால் அது தனித்து இருந்தால் லூபஸோ ஸ்கிளிரோடெர்மாவோ இருப்பதற்கான வாய்ப்புக் குறைவே. நோயில்லாத உடலில் இந்த எதிர்ப்பொருள் ஏன் ஆண்டுக்கணக்கில் தீங்கின்றித் தங்குகிறது என்பது தீராத கேள்விகளில் மிக முக்கியமானது. அதற்கு விடை கிடைத்தால் தீங்கு செய்யும் எதிர்ப்பொருள் எதனால் தீயதாகிறது என்பதும் தெரியும்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்க ராணுவத்தினரின் சேமித்த இரத்த மாதிரிகளைப் பின்னோக்கிப் பார்த்த 2003 ஆய்வில், பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரில் 88 சதவீதத்துக்கு நோய் தெரிவதற்கு முன்பே ஏதோ ஒரு தன்னெதிர்ப்பொருள் இருந்தது. சிலருக்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே. பொதுவான ஏ.என்.ஏ. முதலில், டி.என்.ஏ.வுக்கு எதிரானது பிறகு, எஸ்எம் நோய் வெளிப்படும் நேரத்தை ஒட்டி என்று ஒரு வரிசையும் தென்பட்டது. ஆகவே 1:80 என்ற எண் பொருளற்றதும் அல்ல. 2019இல் ஐரோப்பிய, அமெரிக்க முடக்குவாதவியல் அமைப்புகள் சேர்ந்து வகுத்த லூபஸ் வரையறையில் 1:80 நுழைவாசல் மட்டுமே. வாசலைத் தாண்டிய பின் சிறுநீர், தோல், மூட்டு, இரத்த அணுக்கள் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கூட்டித்தான் முடிவு.

பாறசாலையில் ஒருவர் கையில் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்ற அறிக்கை வந்தால், ஒரு மணி நேரப் பயணத்தில் ஒருபுறம் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி, மறுபுறம் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி. 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவுகளும் வைத்தியத்துக்கான பயணங்களும் அன்று முதல் இன்றுவரை இரு பக்கமும் ஓடுகின்றன. இங்கே டெஸ்ட், அங்கே டாக்டர் என்று ஆகும்போது நோயாளி தவறாமல் கொண்டுபோக வேண்டியது வெறும் பாசிட்டிவ் என்ற சொல் அல்ல: எந்த முறையில் பார்த்தது, எந்த நீர்ப்பில், எந்தத் தோற்றம் என்ற மூன்றும். ஹெப்-2 தகட்டில் பார்த்ததா எலைசா என்ற வேறு முறையில் பார்த்ததா என்பது எழுதப்படாத சீட்டு, மறுபடி இரத்தம் எடுக்க வைக்கும்.

இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர் டெல்லி எய்ம்ஸின் ஏ.என்.மாளவியா. அவருடைய குழு டெல்லியை அடுத்த கிராமங்களில் வீடுவீடாகச் சென்று 1993இல் வெளியிட்ட கணக்கில் லட்சத்துக்கு 3 பேர் அளவில் லூபஸ் இருந்தது. லக்னோவின் சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவனமும் வேலூர் சி.எம்.சி.யும் இந்நோய்களுக்குத் தனித்துறைகளை வளர்த்தன. மும்பையின் தேசிய நோயெதிர்ப்பு-குருதியியல் நிறுவனம் இந்திய லூபஸ் நோயாளிகளின் ஹிஸ்டோன், நியூக்ளியோசோம் எதிர்ப்பொருள்களை வரிசைப்படுத்தியது. லக்னோவின் அமிதா அகர்வால் தலைமையில் பல ஊர்களின் மருத்துவமனைகள் இணைந்து, இன்ஸ்பயர் என்ற பெயரில் புதிய லூபஸ் நோயாளிகளைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்கின்றன. இத்தகைய தொகுப்பு ஒன்றே இந்திய உடல்களில் எந்த எதிர்ப்பொருள் எதை முன்னறிவிக்கிறது என்ற கேள்விக்கு இந்திய விடை தரும்.

சிகிச்சையிலும் எதிர்ப்பொருளைப் பற்றிய அறிவு நேரடியாகப் பயன்படுகிறது. மலேரியாவுக்காக உருவான ஹைட்ராக்சிக்ளோரோகுயின் லூபஸில் இன்றும் முதல் மருந்து. உயிரணுவின் உள்ளறையில் அமிலத்தைக் குறைத்து, குரோமேட்டினின் டி.என்.ஏ. டி.எல்.ஆர்.9ஐத் தட்டுவதைத் தடுப்பது அதன் செயல்களில் ஒன்று. பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் சிலருக்கு உதவியது, எல்லோருக்கும் அல்ல. திசுக்களுக்குள் ஒளிந்திருக்கும் பி அணுக்களை அது எட்டாததே காரணம் என்று கருதப்பட்டது. 2022இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் கியோர்க் ஷெட்டின் குழு, எந்த மருந்துக்கும் அடங்காத 5 லூபஸ் நோயாளிகளின் டி அணுக்களை எடுத்து, பி அணுக்களைத் தேடி அழிக்கும்படி மாற்றி மறுபடி அவர்களுக்கே செலுத்தியது. ஐவருக்கும் நோய் அடங்கியது, டி.என்.ஏ. எதிர்ப்பொருள் மறைந்தது. பி அணுக்கள் சில மாதங்களில் திரும்பி வந்தன. புதியவை பழைய தவறைச் செய்யவில்லை. தடுப்பூசிகளால் முன்பு கிடைத்த எதிர்ப்பொருள்கள் பெருமளவு அப்படியே இருந்தன. நல்ல எதிர்ப்பொருளும் தீய எதிர்ப்பொருளும் உடலில் வெவ்வேறு அணுக்களின் தயாரிப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதற்கு முன் கிடைத்ததில்லை. இந்த வகைச் சிகிச்சையை இந்தியாவிலேயே குறைந்த செலவில் தயாரிக்கும் வழியை மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கின. நெக்ஸ்கார்19 என்ற பெயரில் 2023இல் அதற்கு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி பி அணுப் புற்றுநோய்களுக்கு மட்டும் தரப்பட்டது.